காரின் முனகல்: ஒரு சத்தத்தின் வரலாறு

கார் 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அடியிலிருந்து "ஊம்ம்ம்..." என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. பட்டறையில் ஒருவர் பேரிங் என்பார், இன்னொருவர் டயர் என்பார், மூன்றாமவர் கிரவுன்-பினியன் போச்சு என்பார். மூன்றுமே நடக்கக் கூடியவைதான். இந்த மூன்றும் காருக்குள் வந்த கதை தெரிந்தால், சத்தத்தைப் பிரித்துக் கேட்பது கொஞ்சம் சுலபம்.

பேரிங் வந்த கதை

1794-ல் வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த பிலிப் வாகன் என்ற இரும்பு உற்பத்தியாளர், வண்டி அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உலோகக் குண்டுகளை வைக்கும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். பால் பேரிங்கின் ஆரம்பம் அதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வண்டி நேராகப் போகும்போது எடை மேலிருந்து கீழே அழுத்துகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்த ஹென்றி டிம்கன். உருளைகளை ஒரு பக்கம் கூம்பலாகச் செய்து, சரிவாக அடுக்கினார். 1898-ல் காப்புரிமை கிடைத்தது. எடையையும் பக்கவாட்டுத் தள்ளலையும் ஒரே பேரிங் தாங்கியது.

1907-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், ஒரு துணி ஆலையின் பொறியாளரான ஸ்வென் விங்க்விஸ்ட், அச்சு சற்றுக் கோணலானாலும் தானே சரிசெய்துகொள்ளும் பால் பேரிங்கை உருவாக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் எஸ்.கே.எஃப். நிறுவனம். வேடிக்கை என்னவென்றால், 1927-ல் முதல் காரை வெளியிட்ட வால்வோ, அந்த பேரிங் நிறுவனத்தின் துணை நிறுவனமாகத்தான் தொடங்கியது. வால்வோ என்றால் லத்தீனில் "நான் உருளுகிறேன்" என்று அர்த்தம்!

பேரிங்கின் உள்தடத்தில் சின்னக் குழி விழுந்தால், ஒவ்வொரு உருளையும் கடக்கும்போது தட்டும். வேகத்தில் அந்தத் தட்டல்கள் ஒன்றாகச் சேர்ந்து முனகலாகக் கேட்கும். கண்டுபிடிக்க டிம்கன் யோசித்த அதே விஷயம் உதவுகிறது. கார் இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரங்களுக்குப் போகிறது. அப்போது முனகல் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம். வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது பேரிங். உறுதி செய்ய, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சொரசொரப்போ ஆட்டமோ தெரிந்துவிடும்.

கிரவுன்-பினியன் வந்த கதை

வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கான டிஃபரன்ஷியலை 1820களின் இறுதியிலேயே ஒரு நீராவி வண்டிக்காக வடிவமைத்தவர் பிரான்ஸின் ஒனேசிஃபோர் பெக்கர்.

ஆரம்பக் கார்களில் அதை இயக்கிய கியர்களின் பற்கள் நேரானவை. ஒவ்வொரு பல்லும் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் மோதும். 60 கிலோமீட்டர் வேகத்தில், சுற்றளவு 2 மீட்டர் உள்ள சக்கரம் நொடிக்கு 8 தடவைக்கு மேல் சுற்றுகிறது. கிரவுனில் 41 பற்கள் என்றால் நொடிக்குச் சுமார் 340 மோதல்கள். இதுதான் அந்த ஊளை.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருந்த கிளீசன் நிறுவனம் 1913-ல் வளைந்த பற்களைக் கொண்டுவந்தது. ஒரு பல் விலகும் முன்பே அடுத்த பல் மெதுவாகச் சேர்ந்துவிடும், சத்தம் குறைந்தது. 1926-ல் பேக்கார்ட் கார்களில் ஹைப்பாய்டு கியர் வந்தது. பினியன் கீழே இறங்கியதால் காரின் தரையும் தாழ்ந்தது. ஆனால் ஹைப்பாய்டு பற்கள் ஒன்றின் மேல் ஒன்று கடுமையாக வழுக்கும், சாதாரண எண்ணெய் தாங்காது. அதனால்தான் கந்தகம் கலந்த கியர் ஆயில், அதனால்தான் அந்த நாற்றம்! எண்ணெய் குறைந்தால் பற்கள் தேய்ந்து, ஊளை திரும்ப வந்துவிடும்.

சோதனை எளிது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பல்லின் ஒரு பக்கம் சுமை தாங்குகிறது, விட்டால் மறுபக்கம். மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால் கியரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் சக்கர பேரிங் இதைச் சட்டை செய்யாது.

டயர்

1888-ல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த டயர்களின் கட்டங்கள் வேண்டுமென்றே வெவ்வேறு அளவில் செய்யப்படுகின்றன. எல்லாம் ஒரே அளவானால் ஒரே சுருதியில் பாடும். கட்டங்கள் சீரில்லாமல் தேய்ந்தாலும் அதே பாட்டுதான். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயராக இருக்கலாம். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு, சத்தமும் இடம் மாறினால் டயரேதான்.

சத்தம் முன்னே, சூடு பின்னே

இந்த முனகலைப் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும்? பழுதாகும் பேரிங்கில் வழக்கமாக அதிர்வும் சத்தமும் முதலில் வரும், கடும் சூடு கடைசியில்தான் வரும். ரயில் பெட்டிகளிலும் டிம்கன் வழிவந்த கூம்பு உருளை பேரிங்குகள்தான். 2023 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில் ஒரு சரக்கு ரயிலின் 38 பெட்டிகள் தடம் புரண்டன. காரணம் ஒரே ஒரு சக்கர பேரிங். தண்டவாளத்தோரம் இருந்த கருவிகள் சூட்டைத்தான் அளந்தன. ஒரு கருவியில் சுற்றுப்புறத்தைவிட சுமார் 57 டிகிரி செல்சியஸ் அதிகம். ரயிலை நிறுத்தச் சொல்லும் அளவை அது எட்டவில்லை. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அடுத்த கருவியில் 140 டிகிரி. எச்சரிக்கை ஒலித்தது, ஆனால் நேரம் கடந்துவிட்டது. நச்சு ரசாயனம் இருந்ததால் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சக்கரங்களின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் கருவிகளும் ரயில்வேயில் உண்டு. ஆனால் அவை சூடு அளக்கும் கருவிகளைவிட மிகக் குறைவு.

கார் ஓட்டுபவருக்கோ அந்தக் கருவி இலவசம், இரண்டு காதுகள்! மின்சாரக் கார்களில் எஞ்சின் சத்தமே இல்லாததால் சக்கரத்தின் முனகல் இன்னும் தெளிவாகக் கேட்கும். ரேடியோவின் ஒலியைக் கூட்டினால் சத்தம் மறையும், பழுது மறையாது.