எல்லை மாவட்டங்களில் விளையாட்டு ஒளிப்படம்: ஒரு தொடக்கத்தின் வரலாறு

விளையாட்டு ஒளிப்படத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைப் பன்னிரண்டு கேமராக்களால் பதிவுசெய்தது முதல், 1959இல் வந்த நிக்கான் எஃப், 1999இல் வந்த நிக்கான் டி1 வரை அந்த வரிசை நீளும். பெருநகர நாளிதழ்களுக்கு இவ்வரிசை போதுமானதாக இருக்கலாம். தமிழகத்தை ஒட்டிய கேரள மாவட்டங்களான பாலக்காட்டிலும் இடுக்கியிலும் ஓர் உள்ளூர் நாளிதழுக்காக விளையாட்டுப் படம் எடுக்கத் தொடங்கியவர்களைப் புரிந்துகொள்ள வேறு இரண்டு கேள்விகள் தேவை. எடுத்த படம் அச்சகத்தை எவ்வாறு அடைந்தது? படத்தில் இருப்பவர் யார் என்பதை எழுதியவர் யார்?

முதலில் நிலப்பரப்பைப் பார்ப்போம். பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தன. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தமிழர்கள் உரிமை கோரியும் அவை கேரளத்திலேயே நின்றன. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல்தான். தினமலர் நாளிதழ் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டு 1957இல் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது என்பதையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லைக்கோடு நகர்ந்தபோது நாளிதழ்களின் கவனமும் நகர்ந்தது. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளி மலையாள இதழுக்கு மொழியால் தொலைவிலும், தமிழ் இதழுக்கு மாநிலத்தால் தொலைவிலும் நின்றார்.

இதே மலைகளும் வயல்களும்தான் இந்தியத் தடகளத்திற்குப் பெரும் பெயர்களை அளித்தன. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தடம் மாறியதற்காகத் தகுதி நீக்கப்பட்டும், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்ற ஷைனி வில்சன் தொடுபுழைக்காரர். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்ற கே.எம். பீனாமோளும், அதே தூரத்தில் ஆடவர் பிரிவில் வெள்ளி வென்ற அவர் தம்பி கே.எம். பினுவும் இடுக்கியைச் சேர்ந்தவர்கள். 2010 குவாங்சூவில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் இடுக்கியில் பிறந்து, பின்னர் பாலக்காட்டில் வாழ்ந்தவர். 2017 புவனேசுவரத்திலும் 2019 தோகாவிலும் ஆசிய 1500 மீட்டர் பட்டம் வென்ற பி.யு. சித்ரா பாலக்காட்டை அடுத்த முண்டூரின் பள்ளி மைதானத்தில் வளர்ந்தவர்.

இவர்களைப் பற்றி உலகம் அறிந்த படங்கள் சியோலிலும் பூசானிலும் குவாங்சூவிலும் எடுக்கப்பட்டவை. அவர்கள் யாரென்று உலகம் அறியாத காலத்தின் படங்கள் கிடைத்தால், அவை உள்ளூர்ப் பக்கங்களுக்காகப் பள்ளி விளையாட்டு விழாக்களில் எடுக்கப்பட்டவையாகவே இருக்கும். உள்ளூர் விளையாட்டுப் படத்தின் மதிப்பு இங்கேதான் தொடங்குகிறது. நாளை யார் பெயர் பெறுவார் என்பதை அறியாமலே எடுக்கப்படுவதால்தான் அது ஆவணமாகிறது.

இனி வேலையின் தன்மைக்கு வருவோம். பிலிம் காலத்தில் சிற்றூர் மைதானங்களுக்குப் பெரும்பாலும் அவ்வூர் ஸ்டுடியோக்காரரே சென்றார். திருமணமும் கடவுச்சீட்டுப் படமும் அவரது பிழைப்பு, நாளிதழுக்கு அனுப்புவது உபதொழில். ஒரு சுருளில் 36 படங்கள். விசைமோட்டார் பொருத்தி நொடிக்கு ஐந்து படம் எடுத்தால் ஏழு நொடியில் சுருள் தீர்ந்துவிடும். நூறு மீட்டர் ஓட்டமோ பத்து நொடிக்கு மேல் நீளும். எனவே கருவியின் வேகத்தை நம்பியவருக்கு முடிவுக்கோட்டில் பிலிம் இருக்காது. எந்தக் கணத்தில் விசையை அழுத்துவது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் முதல் பாடமாக இருந்தது.

இரண்டாவது பாடம் கடிகாரத்தைப் பற்றியது. இறுதிப் போட்டிகள் மாலையில் நடக்கும். மலைப்பகுதிகளிலோ மாலை ஒளி சீக்கிரம் குன்றிவிடும். 400 வேகப் பிலிமை 1600 வேகத்துக்கு உயர்த்திக் கழுவினால் படம் கிடைக்கும், ஆனால் மணல்போன்ற புள்ளிகள் தெரியும். அதை ஏற்றுக்கொண்டு, கழுவி, அச்சிட்டு, உறையிலிட்டு, நகரத்துக்குச் செல்லும் பேருந்தில் ஏற்ற வேண்டும். பேருந்து தவறினால் அது மறுநாளின் செய்தியாகாது. ஆகவே கடைசி ஓட்டத்துக்கு முன்பே மைதானத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நாட்களும் உண்டு. பழைய பக்கங்களில் நீண்ட ஓட்டங்களின் முடிவும் மாலை நேரத் தொடரோட்டங்களும் குறைவாகத் தென்பட்டால், அதற்குப் பதிப்பாசிரியரின் விருப்பத்தை மட்டும் காரணமாகக் கொள்வது பிழையாகும். பேருந்து அட்டவணையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, எங்கே நிற்பது என்பது. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் 55.42 நொடியில் நான்காவதாக வந்தார். மூன்றாமவரின் நேரம் 55.41. சராசரி வேகத்தில் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். அதைத் தீர்மானிப்பது முடிவுக்கோட்டில் பொருத்திய தனிக் கேமராவின் வேலை. நாளிதழ்க் கலைஞரின் வேலை அன்று. யார் முதலில் வந்தார் என்பதை முடிவுப் பட்டியல் சொல்லிவிடும். அந்த வெற்றி அல்லது இழப்பு மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதைப் படந்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு மலையாள இதழியலில் நன்கறியப்பட்ட சான்று விக்டர் ஜார்ஜ். கோட்டயம் மாவட்டத்தில் பிறந்து, மலையாள மனோரமாவில் பணியாற்றிய அவர், 1980களில் தில்லியில் இருந்தபோது ஒரு நீச்சல் போட்டியைப் படமெடுத்தார். வீராங்கனை அனிதா சூட் குளத்தில் நீந்திக்கொண்டிருக்க, கரையில் நின்று கூவி ஊக்குவித்த அவருடைய தாயின் மீது விக்டர் லென்ஸைத் திருப்பினார். அந்தப் படங்களே அவருக்குப் பரவலான பெயரைத் தேடித் தந்தன. பின்னாளில் மழையைப் படமெடுப்பவராக அறியப்பட்ட அவர், 2001 ஜூலை 9 அன்று இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழைக்கு அருகே வெண்ணியானி மலையில் நிலச்சரிவைப் படமெடுக்கச் சென்று, அதிலேயே உயிரிழந்தார்.

இப்பார்வையை மூணாறுக்குக் கொண்டுசென்றால் ஒரு பெரிய இடைவெளி தெரியும். தேயிலைத் தோட்ட அணிகளுக்கிடையே, பின்லே நிறுவனத்தின் பெயர் தாங்கிய கேடயத்துக்கான கால்பந்துப் போட்டி அங்கே பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. ஆடுவோரில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். அணிகளுக்குத் தோட்டங்களின் பெயர். கோப்பையோடு நிற்கும் குழுப்படத்தில் நிறுவன அதிகாரிகளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதப்பட்டு, ஆட்டக்காரர்களின் பெயர் விடுபட்டால் அந்தப் படம் தோட்டத்தின் வரலாறாக மட்டுமே எஞ்சும்.

பெயரை எழுதுவதும் எளிதன்று. தமிழ் முறையில் முதலெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயர். கேரள முறையில் வீட்டுப் பெயரும் சேரும்: சித்ராவின் ‘பி’ வீட்டுப் பெயர், ‘யு’ தந்தையின் பெயர். எல்லையில் வாழும் ஒரு சிறுவன் பள்ளிப் பதிவேட்டில் ஒரு முதலெழுத்தோடும், மலையாள இதழில் வேறொன்றோடும், தமிழ் இதழில் எதுவுமின்றியும் தோன்றக்கூடும். மூவரும் ஒருவரே என்பதை ஐம்பது ஆண்டுகள் கழித்து எந்த ஆய்வாளராலும் நிறுவ இயலாது.

ஆகவே, இதழியல் மாணவர்களில் உள்ளூர் நாளிதழுக்கு விளையாட்டுப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு இவ்வரலாறு தரும் அறிவுரை கருவியைப் பற்றியதன்று. மாவட்டப் பள்ளி விழாவுக்குச் செல்லுங்கள். வெற்றியாளரோடு இரண்டாமவரையும், பயிற்றுநரையும், மைதானத்தின் ஓரத்தையும் படமெடுங்கள். ஆட்டக்காரரிடமே பெயரைக் கேட்டு, அவர் சொல்லும் மொழியில் எழுதிக்கொண்டு, தந்தை அல்லது வீட்டுப் பெயர், பள்ளி, நாள், போட்டி ஆகியவற்றைக் கோப்பிலேயே பதியுங்கள். வரலாற்று மாணவர்கள் செய்ய வேண்டியது இன்னும் அவசரமானது. நெடுங்கண்டத்திலும் மூணாறிலும் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் செல்லுங்கள். கடை மூடப்பட்டால் நெகட்டிவ் உறைகள் பழைய காகிதத்தோடு போய்விடும். அவற்றின்மேல் பென்சிலால் எழுதப்பட்ட பெயர்களை வாசித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.