சுங்கை சிப்புட் 1948: சதி விளக்கமும் தோட்டத் தொழிலாளர் வரலாறும்

முன்னுரை

ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் வழியில் அமைந்த சுங்கை சிப்புட், மலாயா வரலாற்றில் 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாளால் அறியப்படும் ஊராகும். அன்று காலை அவ்வூரை அடுத்த இரு ரப்பர்த் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இந்நிகழ்ச்சிக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு இரு எளிய விடைகள் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றன. மாஸ்கோவில் தீட்டப்பட்டுக் கல்கத்தா வழியாக வந்த சதி என்பது ஒன்று. தொழிற்சங்கங்களை ஒழிப்பதற்கு ஆங்கில அரசே வகுத்த சதி என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளையும் கிடைக்கும் சான்றுகளோடு ஒப்பிட்டு, அவற்றால் தோட்டத் தமிழரின் வரலாறு எவ்வாறு மறைந்துபோயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரை மரபு பேணும் அரசியல் நோக்கில் நின்று எழுதப்படுகிறது. சட்டம், ஒழுங்கு, சமயம், குடும்பம், படிப்படியாக வளரும் நிறுவனங்கள் ஆகியவற்றை மதிக்கும் நோக்கு அது. அந்நோக்குடையோர் ஆதாரமற்ற சதிக்கதைகளை முதலில் மறுக்க வேண்டியவர்கள். ஆயினும் 1948இல் மாஸ்கோ சதியை உரக்கப் பேசியவர்கள் தம்மை ஒழுங்கின் காவலர் என்று கூறிக்கொண்டவர்களே. இம்முரண்பாடு வருத்தத்திற்குரியது, ஆராயத்தக்கதும் ஆகும்.

ஜூன் 16ஆம் நாளும் அதன் விளைவும்

எல்பில் தோட்டத்தின் நிர்வாகி ஏ. இ. வாக்கர் காலையில் தம் அலுவலகத்தில் இருந்தபோது கொல்லப்பட்டார். சிறிது நேரத்திற்குள் சில மைல் தொலைவிலுள்ள மற்றொரு தோட்டத்தில் நிர்வாகி ஜே. எம். அலிசனும், அவருடைய உதவியாளரான 21 வயது இயான் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டனர். முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், ஜூன் 18ஆம் நாளில் கூட்டரசு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. ஜூலையில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது.

இக்கொலைகள் மெய்யானவை, எக்காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாதவை. பின்வந்த ஆண்டுகளில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிக்கு இரையானவர்களுள் தமிழ்க் கங்காணிகளும் கிராணிகளும் தொழிலாளர்களும் இருந்தனர். குடிமக்களின் உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. எழும் வினா வேறு. கொலையாளிகளைத் தேடுவதோடு நில்லாது, தோட்டப்புறத்தின் ஒவ்வொரு முறையீட்டையும் அயல்நாட்டு ஆணையின் விளைவாகக் கண்ட நோக்கிற்கு ஆதாரம் இருந்ததா என்பதே அது.

அந்நாளில் தோட்ட முதலாளிமாரின் சினம் உச்சத்தில் இருந்தது. ஜூன் 17ஆம் நாள் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழ், ஆட்சி செய்யுங்கள் அல்லது வெளியேறுங்கள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டுத் தலையங்கம் தீட்டியது. கடும் நடவடிக்கைக்குத் தயங்கியவர் எனக் குறைகூறப்பட்ட உயர் ஆணையர் சர் எட்வர்ட் ஜென்ட் திரும்ப அழைக்கப்பட்டார். இலண்டனை நெருங்குகையில் ஜூலை 4ஆம் நாள் விமான விபத்தில் இறந்தார்.

கல்கத்தா ஆணை என்னும் கூற்று

1948 பிப்ரவரியில் கல்கத்தாவில் தென்கிழக்காசிய இளைஞர் மாநாடு நடைபெற்றது. அதனையடுத்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாம் மாநாடும் அந்நகரிலேயே கூடியது. அதே ஆண்டில் பர்மா, மலாயா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் கிளர்ச்சிகள் வெடித்தன. இவ்வுடனிகழ்வைக் கொண்டு, மாஸ்கோ பிறப்பித்த ஆணை கல்கத்தாவில் கைமாறியது என்னும் கருத்து பரவியது.

இக்கருத்தை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரூத் மெக்வே ஆவார். மாநாட்டின் சொல்லாட்சி ஊக்கமளித்திருக்கலாம். எனினும் ஒவ்வொரு நாட்டின் கிளர்ச்சிக்கும் அந்நாட்டுச் சூழலே முதன்மைக் காரணம் என்னும் முடிவை அவரது 1958ஆம் ஆண்டு ஆய்வு வலுப்படுத்தியது. மலாயாக் கட்சி ஆயுதப் போராட்டத்தை நோக்கித் திரும்பியது 1948 மார்ச்சில் கூடிய அதன் நடுவண் குழுக் கூட்டத்திலாகும். ஆஸ்திரேலியக் கட்சித் தலைவர் லாரன்ஸ் ஷார்க்கி கல்கத்தாவிலிருந்து திரும்பும் வழியில் சிங்கப்பூரில் அக்கட்சியினரைச் சந்தித்தார் என்பதும் உண்மையே. அயலார் தாக்கம் இருந்தது. ஆயின் தாக்கம் வேறு, ஆணை வேறு.

சித்தியவானில் பிறந்தவரும் கட்சியின் தலைமைச் செயலாளருமான சின் பெங் 2003இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில், சுங்கை சிப்புட் கொலைகள் நடுவண் குழுவின் ஆணைப்படி நிகழ்ந்தவை அல்ல என்கிறார். அவர் கூற்றை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. தம் கட்சிக்காக வாதிடுபவர் அவர். எனினும் அவசரகாலத்தின் முதல் நாள்களில் கட்சியினர் பலர் எளிதிற் பிடிபட்டதும், தலைமை சிதறியதும் அக்கூற்றுக்கு வலுச் சேர்க்கின்றன. நாள் குறித்துத் திட்டமிட்ட படை இவ்வாறு ஆயத்தமின்றி அகப்பட்டிருக்காது. மேலும், கொலைகளுக்கு இரு நாள் முன்னர் மலாயாப் பாதுகாப்புச் சேவையின் தலைவர் ஜான் டாலி அளித்த மதிப்பீடு, நிலைமை ஆபத்தாகக் கூடும் என்று எச்சரித்தபோதிலும், உடனடி அச்சுறுத்தல் இல்லை என்றே கூறியது. பல திசைகளிலும் சதியைத் தேடிய அமைப்பு, அருகில் வந்த ஆபத்தை நாள் குறித்து அறியவில்லை.

தோட்டப்புறத்தின் காரணங்கள்

சதி விளக்கம் மறைத்த காரணங்கள் எவை? அவற்றைக் காண 1941ஆம் ஆண்டுக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியன கோரிக்கைகளுள் சில. அரசு இவற்றை வெளியாள் தூண்டுதலாகவே கண்டது. தலைவர் ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. வேறு பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, சீருடை அணிந்து, வரிசையில் நின்று, ஆணையிடவும் ஆணை ஏற்கவும் பழகினர். 1945இல் துரைமார் திரும்பியபோது தாம் விட்டுச்சென்ற தொழிலாளரை அவர்கள் காணவில்லை. அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் கூலியின் மதிப்பைக் குறைத்திருந்தன. 1946 முதல் சங்கங்கள் விரைந்து வளர்ந்தமைக்கு இச்சூழலே களமாகும். அவற்றுட் பல கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கில் இருந்தன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் ஒரு தொழிலாளி கூலி உயர்வு கேட்பதற்கு அயல்நாட்டு ஆணை தேவைப்படவில்லை.

கெடா மாநிலத்தில் பீடோங் வட்டாரத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை இங்குக் கருதத்தக்கது. ஏ. எம். சாமி தலைமையில் இயங்கிய அப்படையின் முதன்மைப் பணி மதுவிலக்கு. கள்ளுக்கடை முன் மறியல் செய்தல், குடிப்போரைத் திருத்துதல், தோட்டத்தில் தூய்மையும் கட்டுப்பாடும் பேணுதல் என்பன அதன் வேலைகள். கூலி கள்ளுக்கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வரவேண்டும் என்பதைவிட மரபு சார்ந்த கோரிக்கை வேறு யாதுளது? ஆயினும் 1947இல் அவ்வியக்கம் காவல்துறையோடு மோத நேர்ந்து ஒடுக்கப்பட்டது. குடும்பத்தையும் ஒழுக்கத்தையும் போற்றுவோர் துணைநின்றிருக்க வேண்டிய இயக்கம், அரசு எதிர்ப்பாகவே காணப்பட்டது.

மற்றொரு சதிக்கதை

இடதுசாரியினர் சிலர் கூறும் மறுவிளக்கமும் ஆராயத்தக்கது. மலாயாவின் ரப்பரும் ஈயமும் போருக்குப் பின் பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்த முதன்மைப் பொருள்கள். ஆதலின் சங்கங்களை நசுக்க அவசரகாலத்தை அரசே முன்கூட்டி வகுத்தது என்பர். சங்கங்களுக்கு எதிரான நடவடிக்கை கொலைகளுக்கு முன்பே தொடங்கியது என்பது மெய். பேராக் தோட்டத் தொழிலாளர் தலைவர் ஆர். ஜி. பாலன் 1948 மே மாதத்திலேயே கைதானார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு ஜூன் மாத முற்பகுதியில் மறுக்கப்பட்டது.

எனினும் முன்வகுத்த திட்டம் என்பதற்கு ஜென்ட்டின் தயக்கமே எதிர்ச்சான்றாகும். தம் திட்டத்தை நிறைவேற்றும் அரசு, அதனை விரைந்து செய்யவில்லை என்று தன் உயர் ஆணையரைத் திரும்ப அழைத்துக்கொள்ளாது. முதலாளிமாரின் நெருக்குதல், அலுவலரிடையே கருத்துவேறுபாடு, கட்சியின் தவறான கணிப்பு, உள்ளூர் ஆயுதக்குழுவின் துணிவு ஆகிய பலவும் சேர்ந்து விளைந்ததே ஜூன் 1948.

இவ்விரு கதைகளும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும் ஓர் இயல்பில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த அறிவு இல்லை. ஒன்றில் அவன் மாஸ்கோவின் கைப்பாவை. மற்றொன்றில் இலண்டனின் பலியாடு. தன் கூலியை எண்ணிப் பார்த்தவனாகவும், தன் பிள்ளையின் படிப்பை நினைத்தவனாகவும் அவன் எதிலும் தோன்றுவதில்லை.

மெய்யான சதியின் இயல்பு

சதிகளே நிகழ்வதில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைச் செயலாளராக 1947 வரை இருந்த லாய் தெக், ஆங்கிலேயருக்கும் பின்னர் ஜப்பானியருக்கும் உளவாளியாக இருந்தவர். 1942 செப்டம்பரில் பத்துமலை அருகே கூடிய கட்சித் தலைவர்கள் பலர் ஜப்பானியரால் கொல்லப்பட்டதற்கு அவரே காரணம் என்பர். இச்சதி எவ்வாறு வெளிப்பட்டது? அறிந்தவர் சாட்சியம் கூறினர், ஐயங்கள் ஒப்புநோக்கப்பட்டன, 1947 மார்ச்சில் அவர் கட்சி நிதியோடு தலைமறைவானார். மெய்யான சதியில் ஈடுபடுவோர் சிலரே. அது தடயம் விடும். சான்றால் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலும். கற்பனைச் சதிக்கு இவ்வரம்பு இல்லை. சான்று கிடைத்தால் அது சதிக்கு ஆதாரம்; கிடைக்காவிடின் மறைக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம். இத்தகைய வாதத்தை வரலாற்றாய்வும் நீதிமன்றமும் ஏற்றல் இயலாது.

நடுநிலையாளர் இழந்தது

சதி விளக்கத்தால் மிகுதியும் இழந்தவர் யார்? எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார், பி. வீரசேனன் அதற்கு முந்திய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களை வரலாறு நினைவிற் கொண்டுள்ளது. ஆயின் பெயர் அறியப்படாத சங்கச் செயலாளர்கள் பலர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர் அல்லது தமிழகத்திற்கு அனுப்பப்பட்டனர். அஞ்சிய தொழிலாளர் சங்கத்தை விட்டு விலகினர். கம்யூனிசத்தை எதிர்த்த பி. பி. நாராயணன் போன்ற மிதவாதிகள் ஏறத்தாழப் புதிதாகவே அடித்தளம் இடவேண்டியதாயிற்று. 1954இல்தான் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. சட்டத்திற்குட்பட்டுப் பேசும் சங்கம் இல்லாத இடத்தில் காடே பேசும் என்பதைத் துரைமார் உணர்ந்திருந்தால், தம் பாதுகாப்பின்பொருட்டாவது அதனை வளர்த்திருப்பர்.

இப்பழக்கம் அவசரகாலத்தோடு முடியவில்லை. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி நடைபெற்றபின், அவ்வியக்கத்திற்கு விடுதலைப் புலிகளோடு தொடர்புண்டு எனும் ஐயம் அதிகாரத் தரப்பில் எழுப்பப்பட்டது. தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டு, 2009இல் விடுவிக்கப்பட்டனர்; அவ்வையம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படவில்லை. 2011இல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜும் மலேசிய சோசலிசக் கட்சியினரும் கைதாயினர். சின் பெங் முதலியோரின் உருவம் பொறித்த சட்டைகளைக் காட்டி, கம்யூனிசத்தை மீட்கவும் மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கவும் முயன்றனர் எனக் காவல்துறை கூறியது. அறுவர் ஏறக்குறைய ஒரு மாதத்திற்குப் பின் விடுவிக்கப்பட்டனர், வழக்கும் கைவிடப்பட்டது. அக்கட்சியின் கொள்கையைச் சிறிதும் ஏற்காதவரும் இதனை ஒழுங்கின் வெற்றி என்று கொள்ள இயலாது. மெய்ப்பிக்கவியலாத பெருங்குற்றத்தைச் சுமத்தும்போது சட்டத்தின் மதிப்பே குறைகிறது.

முடிவுரை

மரபு பேணும் அரசியலுக்கு வேறொரு வழி உண்டு என்பதற்கும் சுங்கை சிப்புட்டே சான்று தருகிறது. அவ்வூரில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் ஒரு தோட்ட உரிமையாளரின் மகன், புரட்சியை நாடியவரல்லர். ஐம்பதுகளில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அதன் பின்னணியில் எவருடைய சூழ்ச்சி உள்ளது என்று மேடைதோறும் பேசி அவர் நாளைக் கழித்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோறும் சென்று, 100 வெள்ளிப் பங்கினைப் பத்துப் பத்து வெள்ளித் தவணையாகச் செலுத்தச் செய்தார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. நிறுவனத்தால் காரணத்தைத் தீர்க்க முயன்ற செயல் இது.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அத்தோட்டங்களில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். தம் பாட்டன்மார் ஏன் சங்கத்தில் சேர்ந்தனர் என்று அவர்கள் வினவும்போது, எவரோ தூண்டினர் என்பது விடையாகாது. கூலிப் பதிவேடு, மருத்துவமனைக் குறிப்பு, தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவு, முதியோரின் வாய்மொழி ஆகியவற்றைத் திரட்டி விடைகாணும் பணி நம் ஆய்வாளர்முன் உள்ளது. அம்முதியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.