ஆளுங்கட்சி மாறியும் மாறாத இடைத்தேர்தல்: வட சிலாங்கூரும் தேர்தல் ஆணையத்தின் நடுநிலையும்

மலேசியத் தேர்தல் ஆணையத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அதன் தலைவர் யார், எந்தக் கட்சிக்கு வேண்டியவர் என்பதையே சுற்றி வருகிறது. வட சிலாங்கூரின் தோட்டப்புறத் தொகுதிகளில் நடந்த மூன்று இடைத்தேர்தல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், சிக்கலின் வேர் ஆணையத்தின் அமைப்பிலேயே இருப்பது புலப்படும். தேர்தல் நேரத்தில் பாயும் அரசுப் பணத்தைத் தடுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. ஆணையரைத் தேர்ந்தெடுப்பதில் எதிர்க்கட்சிக்குப் பங்கு இல்லை. இவ்விரண்டையும் திருத்தாதவரை, எத்தகைய நேர்மையாளர் தலைமை ஏற்றாலும் தோற்ற தரப்பின் ஐயம் தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்று தேர்தல்கள், ஒரே வழக்கம்

2007 ஏப்ரல் 28 அன்று கோல சிலாங்கூர் மாவட்டத்து ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர். பிரசார நாட்களில் சாலைகளுக்குத் தார் போடப்பட்டது, தெருவிளக்குகள் எரிந்தன. தேசிய முன்னணியின் மஇகா வேட்பாளர் கே. பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

2010 ஏப்ரல் 25 அன்று உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதி. முன்னணியின் வேட்பாளர் வென்றால் ராசா சீனப்பள்ளிக்கு 30 லட்சம் ரிங்கிட் தரப்படும் என்று அன்றைய பிரதமர் நஜீப் வாக்களித்தார். அவ்வேட்பாளர் ப. கமலநாதன் 1,725 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

2024 மே 11 அன்று, அம்பாங் பெச்சாவை உள்ளடக்கிய கோல குபு பாரு சட்டமன்றத் தொகுதியின் முறை வந்தது. இப்போது ஆட்சிக்குத் தலைமை தாங்கியது, முன்பு எதிர்த்தரப்பில் இருந்து குற்றம் சாட்டிய பக்காத்தான் கூட்டணி. உள்ளாட்சித் துறை அமைச்சர் ஙா கோர் மிங் உலு சிலாங்கூருக்கு அறிவித்த 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒதுக்கீட்டை, தூய்மையான தேர்தல் கோரும் பெர்சே இயக்கம் கண்டித்தது. தவறேதும் இல்லை என்றார் அமைச்சர். பக்காத்தானின் ஜசெக 3,869 வாக்கு வித்தியாசத்தில் வென்றது.

அன்று குற்றம் சாட்டியவர்கள் இன்று குற்றச்சாட்டுக்கு ஆளானார்கள். வழக்கம் கட்சியைச் சார்ந்ததன்று, பதவியைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சட்டத்தின் இடைவெளி

கூட்டரசு அரசியலமைப்பின் 114ஆம் பிரிவு, ஆணையம் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆட்சியாளர் மாநாட்டைக் கலந்து மாமன்னர் உறுப்பினரை நியமிக்கிறார்; நடைமுறையில் பெயர்கள் அரசாங்கத்தின் பக்கமிருந்தே வருகின்றன. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் கையூட்டைத் தடை செய்கிறது. ஆனால் புலனாய்வு காவல்துறையிடமும் ஊழல் தடுப்பு ஆணையத்திடமும் போகிறது. முடிவைச் செல்லாததாக்குவது தேர்தல் நீதிபதியின் வேலை. வாக்களிப்புக்கு முன்பே ஓர் அமைச்சரின் அறிவிப்பை நிறுத்திவைக்க வழியில்லை.

எல்லை வரைவிலும் இதே கதை. 1957இல் தொகுதிகளுக்கிடையே வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்றிருந்தது. 1962இல் அது தளர்ந்தது. இறுதி முடிவும் நாடாளுமன்றத்தின் கைக்குப் போனது. 1973இல் வரம்பே அகற்றப்பட்டது. விளைவு, 2022இல் பாங்கியில் 3,03,430 வாக்காளர். அதே சிலாங்கூரின் சபாக் பெர்ணமில் சுமார் 52,000 பேர்.

சரிபார்க்க முடிந்தால் நம்பிக்கை வரும்

நம்பிக்கைக்கு உரிய பகுதியும் இந்த அமைப்பில் உண்டு. வாக்குகள் அந்தந்த வாக்களிப்பு மையத்திலேயே, கட்சி முகவர்களின் கண்முன் எண்ணப்படுகின்றன. 14ஆம் பாரத்தில் எண்ணிக்கை பதிவாகி நகல் அவர்களிடம் தரப்படுகிறது. அதிகாரி யாராக இருந்தாலும், எதிர்த்தரப்பு தன் கையிலுள்ள தாளைக் கூட்டிப் பார்க்கலாம். 2008இல் உலு சிலாங்கூரின் வெற்றி வித்தியாசம் 198; 2013இல் கோல சிலாங்கூரில் 460. இவ்வளவு நெருக்கமான முடிவுகளை அரசியல் தாங்கிக்கொள்வதற்கு அத்தகைய தாள்களே துணை. எண்ணும் அறையில் உள்ள இந்த ஒழுங்கு நியமனத்திலும் பிரசாரக் கண்காணிப்பிலும் வேண்டும்.

தமிழ்நாடு ஒரு பாடம் தருகிறது. பணப் பட்டுவாடா புகாரில் 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. முதலாவதில் சிக்கியது மாநிலத்தின் ஆளுந்தரப்பு; இரண்டாவதில் எதிர்க்கட்சி. ஆயினும் இந்தியாவின் 2023 டிசம்பர் சட்டம், ஆணையர் தேர்வுக்குழுவில் தலைமை நீதிபதியின் இடத்தை மத்திய அமைச்சருக்குத் தந்து, குழுவில் அரசுக்குப் பெரும்பான்மை அளித்துவிட்டது. அதிகாரமும் சுயேச்சையான நியமனமும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஒரு மறுப்பும் மூன்று திருத்தங்களும்

இடைத்தேர்தலுக்காக அரசுப் பணி நிற்க வேண்டுமா, வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருக்கும் தோட்ட மக்கள் மேலும் காத்திருப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் வீடுகள் 2024 பிரசாரத்தில் ஓயாமல் பேசப்பட்டன. நடக்கும் பணி நடக்கட்டும். புதிய அறிவிப்பு மட்டும் வாக்களிப்பு முடியும்வரை நிற்கட்டும். தோட்டத்துப் பாட்டாளிக்கு வீடு உரிமை. அதை ஓட்டுக்கான கைம்மாறாக்குவது அவருடைய மானத்தைச் சிறுமைப்படுத்துவது.

ஆகவே மூன்று திருத்தங்கள் வேண்டும். ஆணையர் பெயர்களை எதிர்க்கட்சியும் அமர்ந்த நாடாளுமன்றக் குழு முன்மொழிய வேண்டும். இடம் காலியான நாள் முதல் புதிய ஒதுக்கீட்டு அறிவிப்புகளைத் தடைசெய்து, மீறினால் தேர்தலைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குச் சட்டம் தர வேண்டும். தொகுதி அளவுக்கு மீண்டும் வரம்பு வேண்டும்.

2019 ஜூலை 16 அன்று, வாக்குரிமை வயதை 18 ஆக்கும் திருத்தத்துக்கு மலேசிய மக்களவையில் இருந்த 211 உறுப்பினரும் ஆதரவளித்தனர். யாருக்கு இலாபம் என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாத நேரத்தில் இணக்கம் பிறந்தது. அடுத்த தேர்தலில் யார் எந்த வரிசையில் அமர்வார் என்று சொல்ல முடியாத இன்றைய நிலையும் அத்தகையதே. இத்திருத்தங்களுக்கு இதைவிட ஏற்ற வேளை அமையாது.