அடுப்படிச் சுவரின் வரலாறு



தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானில் சொந்த வீடு வாங்கிக் குடிபோகும் குடும்பங்கள் முதலில் செலவு செய்ய நினைக்கும் இடங்களுள் ஒன்று சமையலறை. அலமாரிக்கு என்ன நிறம், சமையல் மேடைக்கு என்ன கல், அடுப்புக்குப் பின்னாலுள்ள சுவரில் எந்தப் பீங்கான் ஓடு என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. 'டைல்ஸ்' கடைக்குப் போனாலோ வகை வகையாய்க் கண்ணைப் பறிக்கின்றன. எது எதற்குப் பொருந்தும் என்று திகைத்து நிற்கிறோம். இந்த ஓடு அடுப்படிச் சுவருக்கு எதற்காக வந்தது, எப்படி வந்தது என்று அறிந்துகொண்டால் அந்தத் திகைப்புப் பாதி குறையும். இன்று அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

ஹாலந்து நாட்டிலிருந்து தொடங்குவோம். 1602ஆம் ஆண்டில் ஏற்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சீனாவின் நீலச் சித்திரப் பீங்கானை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. 1641இல் நமது மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியதும் இதே கம்பெனிதான். அந்தப் பீங்கானின் அழகைக் கண்ட டெல்ஃப்ட் முதலிய ஊர்களின் குயவர்கள், களிமண் ஓட்டின்மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகைப் பூசி, நீலத்தில் சித்திரம் தீட்டிச் சூளையில் சுட்டார்கள். ஓர் ஓடு ஏறத்தாழ 13 செண்டிமீட்டர் சதுரம்.

ஹாலந்து ஈரம் மிகுந்த நாடு. சுண்ணாம்புச் சுவரின் அடிப்பகுதி நனைந்து உதிரும். தரையைக் கழுவும்போது தெறிக்கும் நீரும் அதைக் கெடுக்கும். ஆகவே சுவரின் அடியில் ஒரு வரிசையும், கணப்பு அடுப்பைச் சுற்றிலும் ஓடு பதித்தார்கள். ஃபெர்மீர் என்னும் ஓவியர் 1660ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய ஓர் ஓவியம் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பணிப்பெண் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவரின் அடியில் அந்த ஓட்டு வரிசை தெரிகிறது. துடைத்தால் அழுக்குப் போகவேண்டும் என்பதே அந்த ஓட்டின் முதல் வேலை. சித்திரம் அதற்குத் துணையாக வந்தது.

கையால் சித்திரம் தீட்டிய காலத்தில் ஓடு விலை மிகுந்த பொருளாக இருந்தது. 1756இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் சாட்லர், கிரீன் என்ற இருவர், அச்சுப் படத்தை ஓட்டில் பதிக்கும் முறையைக் கையாண்டு, 6 மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளை அச்சிட்டுக் காட்டினர். 1840இல் ரிச்சர்ட் பிராசர் என்பவர், உலர்ந்த களிமண் தூளை இயந்திரத்தில் வைத்து அழுத்தி ஓடு செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். மின்டன் என்ற தொழிலதிபர் அம்முறையைக் கையிலெடுத்தார். ஓடு மலிந்தது. நோய்க்குக் கிருமிகளே காரணம் என்று அறிவியல் காட்டிய பிறகு, மருத்துவமனை, பால் கடை, இறைச்சிக் கடை ஆகியவற்றின் சுவர்களில் வெள்ளை ஓடு ஏறியது.

இந்த ஓடுகள் மலாயாவுக்கும் வந்தன. முதலில் இங்கிலாந்திலிருந்தும், 1914இல் தொடங்கிய முதல் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்தும் பூவேலை ஓடுகள் கப்பலில் வந்து இறங்கின. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களின் பழைய கடைவீடுகளில் வாசலுக்கு இருபுறமும் அவற்றை இன்றும் காணலாம். மலாயாவிலும் பர்மாவிலும் தொழில் செய்த நகரத்தார் செட்டிநாட்டில் கட்டிய மாளிகைகளிலும் அத்தகைய ஓடுகள் உண்டு. ஆனால், பெரும்பாலும் அந்த அழகு விருந்தினர் பார்க்கும் முகப்போடு நின்றுவிட்டது. பின்கட்டு அடுப்படியில் விறகுப் புகைதான் குடியிருந்தது.

நமது தோட்டத்து லயத்தில் அந்த முகப்பும் இல்லை. விடியுமுன்னே எழுந்து, விறகை ஊதிச் சோறாக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய பெண்கள்தாம் அந்தக் கரிச்சுவரோடு போராடினார்கள். சுவர் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். அதைத் துடைக்கும் வேலை மட்டும் அவர்களுக்குச் சொந்தம். தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்கென்று 1966இல் மலேசியாவில் ஒரு சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக மேலும் விரிவான சட்டம் இயற்றப்பட்டது.

தொழிலாளர் வீட்டுச் சமையலறையைப் பற்றி ஜெர்மனியில் முன்னரே ஒரு பெண் சிந்தித்திருந்தார். அவர் பெயர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. முதல் உலகப் போருக்குப்பின் பிராங்க்பர்ட் நகரில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. நகராட்சி தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டியது. அவற்றுக்காக அவர் 1926இல் ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஒரு பெண் சமைக்கும்போது எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு, அலமாரி, மேடை, அடுப்பு, கழுவுதொட்டி யாவற்றையும் ஒரே அமைப்பாக இணைத்தார். ஈக்கள் நீல நிறத்தை நாடுவதில்லை என்ற கருத்தின்படி அலமாரிக்கு நீலம் பூசினார். நீர் தெறிக்கும் சுவரில் ஓடு பதித்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இச்சமையலறை அமைந்தது.

அதற்குமுன் மேசை, அலமாரி, அடுப்பு எல்லாம் தனித்தனிப் பொருள்களாகக் கிடந்தன. ஒன்றாக இணைந்த பிறகுதான், சுவர் மேடைக்குப் பொருந்துகிறதா, மேடை அலமாரிக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி வீடுதோறும் எழுந்தது. ஆயினும் அங்கேயும் நிறத்தைத் தீர்மானித்தவர் வீட்டைக் கட்டியவரே. குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

நேயர்களே, இன்று நம்மிடம் கேட்கிறார்கள். நமது நாட்டிலேயே, ஜொகூரின் குளுவாங் போன்ற இடங்களில், ஓட்டுத் தொழிற்சாலைகள் ஏற்பட்டு, ஓடு எட்டும் விலைக்கு வந்திருக்கிறது. பாட்டி துடைத்த சுவரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் தேர்ந்தெடுக்கிறோம். அந்த உரிமையைக் கடைக்காரரிடமோ குத்தகைக்காரரிடமோ விட்டுவிடலாகாது. வீட்டில் சமைப்பவரும் துடைப்பவரும் யாரோ, அவருடைய சொல்லே முதற்சொல்லாக இருக்கட்டும்.

செய்யவேண்டியவை சில. மாற்றுவதற்குச் செலவு மிகுந்தவை அலமாரியும் மேடையும். ஆகவே அவற்றை முதலில் முடிவு செய்து, ஓட்டைக் கடைசியில் தேர்ந்தெடுப்போம். மேடைக் கல்லில் புள்ளியும் கோடும் மிகுந்திருந்தால், ஓடு ஒரே நிறத்தில் அமைதியாக இருக்கட்டும். மேடையும் அலமாரியும் எளிமையாக இருந்தால், ஓட்டில் பூவேலை இருக்கலாம். மூன்றில் ஒன்று பேசினால் போதும்.

கடை விளக்கில் தெரியும் நிறம் வீட்டு வெளிச்சத்தில் மாறும். மாதிரி ஓடு ஒன்றை வாங்கிவந்து, அலமாரிக் கதவுக்கும் மேடைக்கும் அருகே சுவரில் நிமிர்த்தி வைத்துப் பகலிலும் இரவிலும் பார்ப்போம். அதன்மேல் எண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளைத் தடவி, மறுநாள் ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்போம். நமது சமையலுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. சொரசொரப்பான ஓட்டில் பிசுக்கு ஒட்டும். வழுவழுப்பான மெருகில் எளிதாகப் போகும். ஓடு சற்றுப் பெரிதானால் இணைப்புக் கோடுகள் குறையும். அந்தக் கோடுகளில் பூசும் சிமெண்டு பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் மஞ்சள் கறை உடனே தெரியும். சாம்பல் நிறமானால் அவ்வளவாகத் தெரியாது. ஒரு சூளையில் சுட்ட ஓட்டின் நிறம் மறுமுறை சுட்டதில் சற்று மாறலாம். ஆதலால் பெட்டிகளில் அச்சிட்ட தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, உடைவதற்கும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி வைப்போம்.

அடுப்படிச் சுவர் உழைப்பவரின் சுமையைக் குறைக்க வேண்டும். அதைச் செய்யும் ஓடு எதுவோ, அதுவே நம் வீட்டுக்குப் பொருந்தும் ஓடு.