கொரிந்துவின் அங்காடியும் பந்தியும்

கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் 10ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்தில் பவுலடியார் ஆளும் ஒரு சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. கிரேக்க மூலத்தில் அது 'மாக்கெல்லோன்'. நமது பழைய மொழிபெயர்ப்பு அதனைக் 'கடை' என்னும் எளிய சொல்லால் தருகிறது. அது பிழையன்று. ஆயினும் கடை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது தெருமுனையிலுள்ள பலசரக்குக் கடையே. மாக்கெல்லோன் என்பதோ, இறைச்சி, மீன் முதலிய உணவுப் பொருள்களை விற்பதற்கெனச் செல்வர் எவரேனும் பொருள் செலவிட்டு, நடுவே முற்றமும் சுற்றிலும் தூண்வரிசையுமாக எழுப்பித் தந்த பொதுக் கட்டடம்.

விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவற்றைப் பற்றிய 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களை விளக்க முற்படும் நம்மவர் நேரே கோயில் வாசலுக்குச் சென்றுவிடுவது வழக்கம். அயல்வீட்டார் அன்போடு கொண்டுவரும் பிரசாதத்தைக் கைநீட்டி வாங்கலாமா என்பது நம் சபைகளில் இன்றும் உயிருள்ள கேள்வியாதலின், அவ்வழக்கம் வியப்புக்குரியதன்று. எனினும் கொரிந்துவில் அக்கேள்வி எழுந்த இடங்களுள் சந்தையும் ஒன்று. கசாப்புக்காரனின் தராசுக்கு முன்னே, கையிலிருந்த காசின் அளவுக்கேற்ப அது வெவ்வேறு உருவங்கொண்டது. அச்சந்தையினூடே சற்று நடந்து பாராமல் நிருபத்தை வாசிப்போர் பாதிக் கேள்வியையே கேட்கின்றனர் என்பது நமது கருத்து.

கொரிந்து இரு கடல்களுக்கு இடைப்பட்ட நகரம். மேற்கே இத்தாலியா நோக்கிய வாணிகத்திற்கு லெக்காயோன் துறைமுகம். கிழக்கே ஆசியா நோக்கிய வாணிகத்திற்குக் கெங்கிரேயா துறைமுகம். இரு கடல்களையும் பிரித்து நின்ற நிலக்கழுத்தின் அகலம் ஏறத்தாழ 6 கிலோமீட்டரே. கிரேக்கத்தின் தென்கோடியிலுள்ள மலேயா முனையின் புயலுக்கு அஞ்சிய மாலுமிகள் இவ்வழியையே நாடினர் என ஸ்திராபோன் எழுதுகிறார். கி.மு. 600ஐ ஒட்டி அமைக்கப்பட்ட 'தியோல்கோஸ்' என்னும் கல்பாவிய பாதை வழியாகச் சரக்குகளையும், சில வேளைகளில் போர்க்கலங்களையும், ஒரு கடலிலிருந்து மறுகடலுக்கு இழுத்துச் சென்றனர். கி.பி. 67இல் நீரோ கால்வாய் வெட்டத் தொடங்கிக் கைவிட்டான். அது நிறைவேறியது 1893இல்தான்.

கி.மு. 146இல் உரோமத் தளபதி முமியுஸ் நகரை அழித்தான். ஆடவர் கொல்லப்பட்டனர், பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். நூறாண்டுக்கு மேல் பெரும்பாலும் பாழாய்க் கிடந்த அவ்விடத்தில் கி.மு. 44இல் யூலியு சீசர் உரோமக் குடியேற்றத்தை நிறுவினான். அங்கு அனுப்பப்பட்டோரில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள் என்பது ஸ்திராபோன் தரும் செய்தி. ஆகவே பவுலடியார் கி.பி. 50ஐ ஒட்டி வந்து ஒன்றரை ஆண்டு தங்கிய கொரிந்து, பழம்பெருமை பேசும் கிரேக்க நகரமன்று. பணத்தால் தலையெடுத்த புதுக்குடிகளின் நகரம். அக்காலத்துக் கல்வெட்டுகளில் மிகப்பெரும்பாலானவை இலத்தீனில் அமைந்திருப்பதும் இதற்குச் சான்று.

ஏதென்ஸ் நகரிலுள்ள அமெரிக்கத் தொல்லியல் கல்விக்கூடம் 1896 முதல் இங்கே அகழ்ந்து வருகிறது. அகழ்ந்தெடுத்தவற்றுள் கோயில்களையும் சிலைகளையும் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் இங்கு அடுக்களையையும் அங்காடியையும் சேர்ந்தவற்றையே நோக்குவோம். 1970களின் இறுதியில் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வணிகக் கட்டடம் வெளிப்பட்டது. தரையெங்கும் உடைந்த சாடிகள். அவற்றோடு மீன்செதிள்களும் எலும்புகளும். ஜிப்ரால்ட்டர் நீரிணையை அடுத்த பூனிக்கர் துறைமுகங்களிலிருந்து உப்பிட்ட மீன், துண்டங்களாக, சாடிகளில் அடைத்து இங்கே இறக்குமதி செய்யப்பட்டிருக்கிறது. மத்தியதரைக் கடலின் மேற்குக் கோடியில் பிடித்த மீன் கொரிந்தியரின் தட்டுக்கு வந்தது என்றால், அந்நகரத்தாரின் நாவுக்கு எவ்வளவு தூரம் எட்டியது என்பதை உணரலாம். அங்காடித் திடலின் தென்புறத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த தூண்மண்டபம் ஏறத்தாழ 165 மீட்டர் நீளமுடையது. அதிலிருந்த 33 கடைகளுள் 31இல் கிணறுகள் உண்டு. பெய்ரேனே ஊற்றின் குளிர்ந்த நீர் நிலத்தடிக் கால்வாய் வழியாக அவற்றிற்கு வந்தது. மதுவையும் உணவையும் குளிர்விப்பதற்கே இவ்வேற்பாடு என அகழ்ந்தறிஞர் புரோனீர் கருதினார். (அந்நிலத்தின் திராட்சை பிற்காலத்திலும் பெயர்பெற்றது. கிறிஸ்துமஸ் கேக்கில் நாம் இடும் சிறிய உலர்ந்த திராட்சைக்குக் 'கரண்ட்' என்னும் பெயர் 'கொரிந்து' என்பதன் திரிபே.)

இனி மாக்கெல்லோனுக்கு வருவோம். உடைந்த இலத்தீன் கல்வெட்டுத் துண்டுகள் சிலவற்றில், கொர்நேலியு என்னும் குடும்பப் பெயருடைய ஒருவர் தம் மனைவி மக்களோடு 'மாக்கெல்லும்' ஒன்றையும் மீன் அங்காடி ஒன்றையும் கட்டித் தந்த செய்தி காணப்படுகிறது. எழுத்தமைதியைக் கொண்டு இவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்பர். கட்டடம் லெக்காயோன் சாலையை ஒட்டி நின்றது என்பது பலர் கருத்தெனினும், அது இன்னும் முடிந்த முடிபன்று. அதன் தோற்றத்தை அறியப் பொம்பேயி நகரம் துணைசெய்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்நகரின் மாக்கெல்லத்தில், முற்றத்தின் நடுவிலிருந்த வட்ட மண்டபத்தருகே வடிகாலில் மீன்செதிள்கள் கிடைத்தன. ஒரு புறத்தில் ஆடுகளின் முழு எலும்புக்கூடுகள் இருந்தன; உயிருள்ள ஆடுகளும் அங்கே நிறுத்தப்பட்டன எனலாம். கீழ்ப்புறத்திலோ பேரரசரின் குடும்பத்தாருக்குரிய வழிபாட்டிடம்! கசாப்பும் மீனும் பூசையும் ஒரே கூரையின்கீழ். இத்தகைய இடத்தில் இறைச்சி வாங்கச் செல்லும் விசுவாசி, இது படைக்கப்பட்டதா, படைக்கப்படாததா என்று கேட்கத் தொடங்கினால் அக்கேள்விக்கு முடிவேது? விசாரிக்கவேண்டாம் என்று பவுலடியார் கூறியதன் நடைமுறை அறிவு இங்கே விளங்குகிறது.

அங்காடியைக் கண்காணித்தவர் 'ஈதில்' எனப்பட்ட நகர அலுவலர். எடைக்கற்கள், அளவைகள், தெருக்கள் யாவும் அவர் பொறுப்பு. 1929இல் நாடக அரங்கின் அருகே கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டில், தாம் ஈதில் பதவி பெற்றமைக்காகத் தம் சொந்தச் செலவில் தளம் பாவித்த ஏரஸ்து என்பவரின் பெயர் உள்ளது. உரோமர் 16:23இல் நகரத்து நிதி அலுவலராகக் குறிக்கப்படும் ஏரஸ்துவும் இவரும் ஒருவரே என்பது உறுதியன்று. ஆனால் ஆசைக்குரிய ஊகம். யூதரின் உணவும் இத்தகைய அலுவலரின் கவலையாயிருந்த இடங்கள் உண்டு. சர்தை நகரத்தார் யூதருக்கு ஏற்ற உணவைச் சந்தைக்கு வரச்செய்யும்படி தம் அங்காடி அலுவலரைக் கட்டளையிட்ட தீர்மானத்தை யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் பாதுகாத்துத் தந்துள்ளார். மேலும், தீபெரியு கிலவுதியு தினிப்புஸ் என்பவரைத் தானிய வரத்தின் மேற்பார்வையாளர் எனப் போற்றும் கல்வெட்டுகள் பல கொரிந்துவில் கிடைத்திருக்கின்றன. தானியம் தட்டுப்பட்டாலன்றி அத்தகைய பதவி ஏற்படுத்தப்படுவதில்லை. மீனும் மதுவும் குவிந்த நகரில் அப்பத்துக்கு அலைந்தோரும் இருந்தனர்.

இங்கேதான் நம் கேள்வியின் மற்றப் பாதி தொடங்குகிறது. இறைச்சியை உண்டவர் யாவர்? ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசென் 1975இல் வெளியிட்ட ஆய்வில், 'பலமுள்ளவர்' என்போர் செல்வரே என வாதிட்டார். செல்வருக்கு இறைச்சி அன்றாட உணவு. அதில் தெய்விகம் ஒன்றையும் அவர் காணார். ஏழைக்கோ திருவிழா நாளில் பொதுவில் பங்கிடப்படும்போது கிடைப்பதே இறைச்சி. ஆகவே அவன் மனத்தில் இறைச்சியும் பூசையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இக்கொள்கையை 1994இல் ஜஸ்டின் மெகிட் மறுத்தார். ஏழைகளும் சமையற்கடைகளில் மலிவான இறைச்சியை வாங்கி உண்டனர் என்பது அவர் வாதம். கொரிந்து நாடக அரங்கின் கிழக்கே 1980களில் அகழப்பட்ட கட்டடங்களில் அடுப்புகளும் ஏராளமான விலங்கெலும்புகளும் காணப்பட்டமை இவருக்குத் துணைநிற்கிறது. கூத்துப் பார்க்க வந்தோருக்கு அங்கே சமைத்து விற்றிருக்கின்றனர். நாம் இருவர் கூற்றையும் எடைபோடுகையில், மெகிட் தைசெனைத் திருத்தினாரேயன்றி வீழ்த்தவில்லை என்றே கருதுகிறோம். சமையற்கடையின் கொழுப்புத் துண்டும் செல்வன் வீட்டுப் பந்தியின் தொடைக்கறியும் ஒன்றல்ல. திருவிழாப் பந்தியும் வெறுங் கற்பனையன்று. இஸ்த்மிய விளையாட்டுகளுக்குத் தலைமை தாங்கிய கஸ்திரிக்கியு ரெகுலுஸ் என்பவர் குடியேற்றத்தார் அனைவருக்கும் விருந்தளித்ததை முதல் நூற்றாண்டின் முற்பாதிக் கல்வெட்டொன்று பறைசாற்றுகிறது. இரண்டாண்டுக்கொருமுறை பொசைதோன் தேவனின் பெயரால் நடந்த அவ்விளையாட்டு, பவுலடியார் அங்கிருந்த கி.பி. 51இல் நிகழ்ந்திருக்க வேண்டும். அதில் வென்றவருக்கு ஒரு காலத்தில் சூட்டப்பட்டது வாடிய செலரித் தழை, அதாவது உணவில் இடும் கீரை! அழிவுள்ள கிரீடம் என 9ஆம் அதிகாரத்தில் அவர் கூறுகையில் கேட்டோர் புன்முறுவல் பூத்திருக்கலாம்.

கோயிலை ஒட்டியும் பந்தி உண்டு. நோய்தீர்க்கும் தெய்வமாகிய அஸ்கிலேப்பியுவின் கோயிலருகே மூன்று உணவறைகள், ஒவ்வொன்றிலும் 11 சாய்மஞ்சங்களுக்கு இடமுண்டு. உரோமர் காலத்தில் இவை எவ்வளவு பயன்பட்டன என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. மலைச்சரிவிலுள்ள தெமேத்தேர் கோயிலின் உணவறைகளோ கி.மு. 146க்குப்பின் மீண்டும் விருந்தைக் காணவில்லை. ஆயினும் தெய்வத்தின் பெயரால் நண்பரைப் பந்திக்கு அழைப்பது அக்கால வழக்கம் என்பதற்கு எகிப்தில் கிடைத்த அழைப்போலைகள் சான்று. அவற்றில் விருந்துக்கு அழைக்கும் பந்தி சாராப்பிஸ் தேவனுடையது. அத்தேவனுக்குக் கொரிந்துவிலும் வழிபாட்டிடங்கள் இருந்ததைப் பவுசானியாஸ் குறிக்கிறார். அத்தகைய அழைப்பு வந்தது யாருக்கு? ஊரில் மதிப்புள்ளோருக்கு; அதை மறுத்தால் உறவையும் வாணிகத்தையும் இழக்கக்கூடியவருக்கு. துறைமுகச் சுமைகாரனுக்கு அச்சோதனையே நேர்ந்திராது.

இவற்றையெல்லாம் கண்டபின் நிருபத்துக்குத் திரும்பினால், பவுலடியார் இடங்களைப் பிரித்தறிவது தெளிவாகிறது. கடையில் வாங்கலாம். அவிசுவாசியின் வீட்டில், பரிமாறப்பட்டதை உண்ணலாம். ஒருவன் எடுத்துச்சொன்னால் அவன் நிமித்தம் விடவேண்டும். கோயிற்பந்தியில் அமர்தல் கூடாது. தம் சகோதரனுக்கு இடறலாகுமானால் இறைச்சியையே தொடுவதில்லை என்ற அவருடைய தீர்மானத்தைச் சற்று நிறுத்துப் பார்க்கவேண்டும். கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர் எத்தனைமுறை இறைச்சியைக் கண்டிருப்பார்? அத்தீர்மானத்தால் அவர் இழந்தது சொற்பம். அதே நிலையைத் தங்களுக்கும் எடுத்துக்கொள்ள நேர்ந்தால், அதன் முழு விலையையும் கொடுக்கவேண்டியிருந்தவர்கள், நிருபம் வாசிக்கப்பட்ட வீட்டின் செல்வர்களே. அடுத்த அதிகாரத்தில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறித்திருந்தான் என்று கடிந்துகொள்வதும் இவர்களையே. உரோம வீட்டின் உணவறையில் சாய்ந்து உண்ண ஒன்பது பேருக்கே வழக்கமாக இடமுண்டு. ஏனையோர் முற்றத்தில் நிற்கவேண்டியதுதான். அவர்களுக்கு வந்த தட்டில் இறைச்சி இருந்ததோ என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, கி.பி. 112ஐ ஒட்டி, பொந்து பித்தினியா நாட்டின் ஆளுநன் பிளினி, பேரரசன் திராயானுக்குக் கிறிஸ்தவரைப் பற்றி எழுதிய கடிதம் சந்தையையே அளவுகோலாகக் கொள்கிறது. பாழடைந்த கோயில்களுக்கு மக்கள் திரும்புகின்றனர் என்றும், பலிப் பிராணிகளைச் சார்ந்த பொருளுக்குச் சிலகாலம் வாங்குவோரே அரிதாயிருந்தனர், இப்போது அது மீண்டும் விற்பனையாகிறது என்றும் அவன் தெரிவிக்கிறான். ஏட்டிலுள்ள சொல்லைப் 'பலிப் பிராணிகளின் தீவனம்' எனப் படிப்போரும், 'இறைச்சி' எனத் திருத்திப் படிப்போரும் உண்டு. எப்படிப் படித்தாலும், வாங்க மறுத்து நின்ற மக்கள் தொகையைச் சந்தை உணர்ந்துவிட்டது. பிளினியின் கைதுகளும் விசாரணைகளும் தொடங்கியபின் வியாபாரம் தேறிற்று.