நிக்கோபார்ப் புறாவின் உறவினர்

வெளி மாநிலத்தில் ஒரு தமிழரைக் கண்டால் நாம் முதலில் வினவுவது ஊரையும் உறவையுமே. முகச்சாயலை நம்பி உறவு கூறிப் பின்னர் நாணியவர்களும் நம்மிடையே உண்டு. உயிர்நூல் அறிஞர்க்கும் அவ்வாறு நேர்ந்தது. அதற்குச் சான்றாக விளங்குவது நிக்கோபார்த் தீவுகளின் பறவை ஒன்று.

பச்சையும் செம்பொன்னுமாய் மின்னும் உடல். கழுத்திலே பிடரிமயிர்போல் தொங்கும் நீண்ட இறகுகள். வெண்ணிறக் குட்டை வால். இதுவே நிக்கோபார்ப் புறா. காட்டுத் தரையில் விதைகளைப் பொறுக்கித் தின்னும். ஆயினும் தீவு விட்டுத் தீவு பறக்க வல்லது.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் தம் நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கு இருசொற் பெயர் சூட்டி வகைப்படுத்தினார். நிக்கோபார்ப் பறவையைப் புறாக்களோடு சேர்த்தார். அதே நூலில் மொரிசியஸ் தீவின் டோடோவை எங்கே வைத்தார் தெரியுமா? தீக்கோழியின் பக்கத்தில்! டோடோ பருத்த உடலும் பறக்கவியலாச் சிறகும் உடையது. அது அழிந்தும் அப்போது ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்தது. மாலுமிகளின் குறிப்புகளும் சில ஓவியங்களும் மிகச் சில எச்சங்களுமே மிஞ்சியிருந்தன. ஆகவே அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

டென்மார்க்கின் ரைன்ஹார்ட் என்பார், கோபன்ஹேகனில் கிடைத்த மண்டையோடு ஒன்றைக் கண்டு, டோடோ புறா இனமே என்று 1842-இல் கூறினார். பலரும் நகைத்தனர். 1848-இல் ஸ்டிரிக்லாண்டும் மெல்வில்லும், ஆக்ஸ்போர்டில் காக்கப்பட்ட தலையையும் பாதத்தையும் நுணுகி ஆராய்ந்து, தனி நூல் எழுதி அதனை நிலைநாட்டினர். உருவம் மறைத்ததை எலும்பு காட்டிக்கொடுத்தது. அப்போதும் உறவு என்பது அமைப்பின் ஒப்புமையாகவே கருதப்பட்டது. 1859-இல் டார்வினின் நூல் வெளிவந்த பின்னரே, பொது முன்னோரிடமிருந்து கிளைத்த வழிமரபு என்னும் பொருள் அச்சொல்லுக்கு வலுப்பெற்றது.

புறாக்களுள் எது நெருங்கிய சுற்றம்? இவ்வினாவுக்கு விடை வர 2002 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆக்ஸ்போர்டு டோடோவின் எச்சத்திலிருந்து மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து, பல புறாக்களினதோடு ஒப்பிட்டனர். அதன் உடன்பிறப்புப் போன்றது ரோட்ரிக்ஸ் தீவில் வாழ்ந்த சாலிட்டேர்; அதுவும் அழிந்துபோயிற்று. ஆராயப்பட்டவற்றுள் இன்றும் உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு நிக்கோபார்ப் புறாவே! வேட்டையாடும் தரைவிலங்குகள் இல்லாத தீவிலே வாழ்ந்த கிளை, பறத்தலை மறந்து உடல் பருத்தது. மற்றொரு கிளை சிறகை இழக்கவில்லை.

நிக்கோபாரில் ஆளற்ற பட்டிமால்வ் தீவு இப்புறாக்களுக்குப் பெயர்பெற்றது. அத்தீவு இன்று வனவிலங்குக் காப்பிடமாக உள்ளது.