வானத்து அடையாளங்கள்

1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி பௌர்ணமி. அன்று நிகழவிருந்த சந்திர கிரகணம் யாழ்ப்பாணத்தில் இரு கணிதங்களுக்கிடையிலான போட்டியாகவே மாறியிருந்தது. ஒருபுறம் அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம். மறுபுறம் வட்டுக்கோட்டை செமினரியின் அதிபர், அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவர் பாதிரியார். கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறையும் அளவு ஆகியவற்றில் பஞ்சாங்கம் பிழை என்று பூவர் முன்கூட்டியே எடுத்துரைத்தார். அவர் கணிப்பே சரியாயிற்று.

மிசனரிமார் இதைத் தம் சமயத்தின் வெற்றியாகக் கொண்டனர். பஞ்சாங்கம் பிழைத்தால் இராகு, கேது பற்றிய புராணமும் பிழை என்பது அவர்கள் வாதம். ஆனால் பஞ்சாங்கக் கணிதம் பாம்பை நம்பி நிற்பதன்று. பூமியின் நிழலே சந்திரனை மறைக்கிறது என்பதை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். கிரகணம் வரும் நாளைச் சாஸ்திரியாரும் சரியாகவே குறித்திருந்தார். பிழைத்தவை நேரமும் அளவுமே. பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன், இந்திய வானியல் பற்றிய தமிழ் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சேற்றினார். மறுக்க வந்த இடத்தில் கற்கவும் பொருள் இருந்தது.

மிசனரிமாரின் வாதம் இருபுறமும் கருக்குள்ளது. யோசுவாவின் சொற்கேட்டுச் சூரியன் தரித்து நின்றதாக விவிலியம் கூறும். அதைக் காட்டியே ஐரோப்பாவில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பூமி சுழல்கிறது என்ற கொள்கையை எதிர்த்தனர். 1633இல் கலிலியோ ரோமாபுரியில் விசாரணைக்கு நின்றார். பூவர் கையாண்ட வானியலோ அந்தக் கலிலியோவின் வழிவந்தது. புராணத்தைக் கிரகணத்தால் அளப்பவர் யோசுவாவையும் அதே கோலால் அளக்க வேண்டாமா?

இதற்கு விடை விவிலியத்திலேயே உண்டு. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் வானத்துச் சுடர்களைக் காலமும் நாளும் ஆண்டும் அறிய உதவும் அடையாளங்களாகக் காண்கிறது. எரேமியா தீர்க்கதரிசியோ அவ்வடையாளங்களைக் கண்டு கலங்க வேண்டாம் என்கிறார். வானம் அஞ்சுவதற்கன்று, காலம் அறிவதற்கே என்பதுதான் இவற்றிலிருந்து நாம் பெறும் பொருள்.

பஞ்சாங்கம் செய்வதும் அதுவே. மாத்தளை முத்துமாரியம்மனின் பஞ்சரதங்கள் மாசி மாதத்து மக நட்சத்திரம் பார்த்தே வீதிக்கு வருகின்றன. உயிர்த்த ஞாயிறும் அப்படித்தான். மார்ச் 21இலோ அதன் பின்போ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு அது. அம்மன் தேருக்கும் ஆலய மணிக்கும் நாள் குறித்துக் கொடுப்பது ஒரே நிலவுதான்.